டிசம்பர் வரைக்கும் செத்திரு

சேசு மரி சூசை துணை

மங்கீஸ் தோட்டம், பீடோர்
22.4.1979

அன்புத் தங்கை பெட்ரீசியாவுக்கு, அக்கா ரோசம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் மச்சானும் மாதா புண்ணியத்தில் சுகம். உன் சுகத்தை உன் வாயால் கேட்க ஆசை.

ஈஸ்டர் உன்னை விட்டுவிட்டே முடிந்துபோனது. சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து உன் மச்சான் பஸ் நிற்குமிடத்தில் சைக்கிளோடு நின்றார். ஐந்தாவது பஸ்ஸும் போன பிறகு, "அவ வரமாட்டா, நாம சாப்பிடலாம்லா" என்று வந்துவிட்டார். உனக்காக அறுத்த கோழியை நாங்கள் இரண்டு பேருமே சாப்பிட்டோம். கிறிஸ்துமஸுக்கும் இதே கதைதான். சட்டைக் கம்பெனியில் நீ லைன் லீடர் ஆனதைத் தோட்டம் முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். இப்போது, "உன் தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டால் முழிக்கிறேன்.

உன் போன கடிதத்தில், "வேலை அதிகம், நான் நன்றாக இருக்கிறேன்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தாய். நன்றாக இருப்பவள் அதை ஒரு தடவை சொன்னால் போதாதா? கையெழுத்தும் கோணலாக இருந்தது.

இங்கே மேற்குப் பக்கத்து ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை நடுகிறார்கள். ஆட்கள் குறைகிறார்கள். என் ஆயாக் கொட்டகையில் வேலைக்குப் போகிறவர்கள் முப்பது பிள்ளைகளை விட்டுப்போன இடத்தில் இப்போது இருபத்திரண்டுதான். லீவு போட்டு ஒரு வாரம் வந்து இரு. உன்னையும் ஒரு பிள்ளையாகத் தொட்டிலில் போட்டுவிடுகிறேன்.

உன் அக்கா,
ரோசம்மா


மெங்லெம்பு, ஈப்போ
20.5.1979

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு வராததற்கு மன்னித்துக்கொள். மே மாதம் கப்பலேற வேண்டிய சட்டைகள். என் லைனில் காலர் தைக்கிறோம். மணிக்கு எத்தனை காலர் என்று காலையில் கரும்பலகையில் எழுதிவிடுவார்கள். குறைந்தால் லைன் லீடர் பெயருக்கு எதிரே சிவப்புக் கட்டம். இந்த வருடம் என் பெயருக்கு எதிரே ஒன்றுகூட இல்லை.

உனக்கு மட்டும் சொல்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் மிஸ்டர் டொமினிக், நம் கோயில்காரர், டிசம்பரில் மேல் பதவிக்குப் போகிறார். அவர் இடத்துக்கு இரண்டு பெயர் எழுதியிருக்கிறார்கள். ஒன்று என் பெயர். தோட்டத்துப் பெண் யாரும் இந்தக் கம்பெனியில் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. ஐந்து வருடம் இதற்காகத்தான் ஓடினேன்.

கையெழுத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஊசி விரலில் இறங்கிவிட்டது. ஆறிவிட்டது. கழிவறைக்குப் போக ஒரு லைனுக்கு ஒரே அட்டை, நாற்பது பேருக்கு. நானே அதை எடுத்துக்கொண்டு போனால் பெண்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் வேலை முடிகிறவரை தண்ணீர் குடிப்பதில்லை. பழகிவிட்டது.

போன வாரம் மூன்று நாள் லீவு கிடைத்தது. நன்றாகத் தூங்கினேன். கவலைப்படாதே.

ஒரு வேண்டுகோள். கடிதத்தை எப்போதும்போலக் கம்பெனி முகவரிக்கே போடு. உறையின் பின்னால் மட்டும் இனி உன் பெயரை எழுத வேண்டாம். மச்சான் பெயரை எழுது. காரணத்தை நேரில் சொல்கிறேன்.

பெட்ரீசியா


மங்கீஸ் தோட்டம், பீடோர்
20.6.1979

பெட்ரீசியாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். உனக்கு இது தெரியும். ஈப்போவில் வேறு யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள்.

நேற்று முன்தினம் காலையில் கொட்டகை வாசலில் பால் டின் கழுவிக்கொண்டிருந்தேன். லோரிப் பாதையில் ஒப்பாரி கேட்டது. யார் வீட்டு எழவோ என்று நானும் எட்டிப் பார்த்தேன். செமோரில் இருக்கும் நம் சவரியம்மா சின்னம்மா வெள்ளைச் சேலையில் மாரில் அடித்துக்கொண்டு வருகிறார். என்னைப் பார்த்ததும், "சேசுவே!" என்று புல்லில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தெளித்து எழுப்பினேன்.

"அடியே, ஞாயித்துக்கிழம ஈப்போ கோயில்ல சாமியாரு உன் பேர வாசிச்சாருலா! பீடோர் மங்கீஸ் தோட்டத்து ரோசம்மா, முப்பதாம் நாள் பூசைன்னு! நான் முழங்கால்ல நின்னு அம்பத்துமூணு மணி செபம் சொல்லி அழுதேன்டி!"

பூசை கொடுத்தவர் பெயர் டொமினிக்காம்.

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கும்போதே உன் கடிதம் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் லீவு. உறையின் பின்னால் பெயர் வேண்டாம். கையிலிருந்த டின்னைக் கீழே வைத்துவிட்டேன்.

எந்த நோயில் என்னைச் சாகடித்தாய்? அதையாவது சொல், யாராவது கேட்டால் நானும் அதையே சொல்ல வேண்டும் இல்லையா? எனக்குக் கோபம். கோபத்தைவிட இன்னொன்று வலிக்கிறது. லீவு கிடைத்தும் நீ என் வீட்டுக்கு வரவில்லை. ஈப்போவில் பஸ் ஏறினால் பொழுது சாய்வதற்குள் வந்துவிடலாம். இங்கே வந்து தூங்கியிருக்கக் கூடாதா?

பதில் எழுது. உறையின் பின்னால் மச்சான் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

ரோசம்மா


மெங்லெம்பு, ஈப்போ
8.7.1979

என் அக்காவுக்கு,

உன் சுகத்தை விசாரிக்கக்கூட எனக்கு வாய் இல்லை. மன்னித்துவிடு.

மே பதினைந்தாம் தேதி காலையில் கரும்பலகையைப் பார்த்தேன். எண்கள் தெரிந்தன. என்ன எண் என்று புரியவில்லை. பக்கத்தில் இருந்த நவமணியைப் படிக்கச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பயந்துபோனேன். கம்பெனி டாக்டரிடம் போனால் அரை நாள் ஓய்வு எழுதுவார், அது சிவப்பில் ஏறும். வருட லீவு கப்பல் போகும்வரை கிடையாது. கேள்வி கேட்காமல் கொடுப்பது ஒன்றே ஒன்று. கூடப் பிறந்தவர்களோ பெற்றவர்களோ இறந்தால் மூன்று நாள். அப்பாவும் அம்மாவும் உண்மையிலேயே போய்விட்டார்கள். எனக்கென்று மிச்சம் இருந்தது நீ ஒருத்திதான்.

நெஞ்சுவலி என்று சொன்னேன். பெண்கள் துக்கத்துக்குப் புறப்பட்டார்கள். சேதி எனக்கே தாமதமாக வந்தது, அடக்கம் முடிந்துவிட்டது என்று தடுத்தேன். மிஸ்டர் டொமினிக் போன வருடம் மனைவியை இழந்தவர். என் முன்னால் நின்று அழுதார். அவர் பூசை கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கேதான் முழங்காலில் இருந்தேன். சாமியார் உன் பெயரை வாசித்தபோது நான் அழுதது நடிப்பு இல்லை, அக்கா.

மூன்று நாளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தேன். உன்னிடம் வந்தால் திரும்பிப் போக மாட்டேன் என்று பயம். அதனால்தான் வரவில்லை.

இப்போது உண்மை தெரிந்தால் நாற்காலியும் போகும், வேலையும் போகும். டிசம்பர் வரைக்கும் நீ இப்படியே இரு. ஈப்போவுக்கு வராதே. சவரியம்மா சின்னம்மாவையும் பேசாமல் இருக்கச் சொல். கம்பெனியில் நான் சேரும்போது எழுதிக் கொடுத்த பாரத்தில், அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடத்தில், உன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டார்கள். டிசம்பர் கழிந்ததும் நானே அதைச் சரி செய்வேன்.

உன் பாவித் தங்கை,
பெட்ரீசியா


சேசு மரி சூசை துணை

மங்கீஸ் தோட்டம், பீடோர்
22.7.1979

அன்புத் தங்கைக்கு,

இருவரும் சுகம். டிசம்பர் வரைக்கும் செத்திரு என்கிறாய். சரி, செத்திருக்கிறேன். உன் மச்சான் இப்போது தட்டைப் பார்த்து, "செத்தவ கையில சோறு இவ்ளோ சூடா வருதுலா" என்று கேலி செய்கிறார். சவரியம்மா சின்னம்மாவுக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் கொடுத்து வாயைக் கட்டிவிட்டேன். எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

ஆனால் இரண்டு நிபந்தனை. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கடிதம் வர வேண்டும். இரண்டு வரி போதும். வராவிட்டால் நான் கல்லறையை விட்டு எழுந்து வந்துவிடுவேன், சொல்லிவிட்டேன்.

அடுத்தது, தண்ணீர் குடி. நாற்பது பேரை அடக்கி ஆள்பவள் மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு நிற்கிறாயா? என் கொட்டகையில் இரண்டு வயதுப் பிள்ளைகூட வந்தால் வருகிறது என்று கத்தும். அந்த அறிவு உனக்கு இல்லை. உனக்கு அந்த நாற்காலி கிடைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் கரும்பலகையில் எண் புரியவில்லை என்று எழுதினாயே, அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

உன் அக்கா,
ரோசம்மா


மெங்லெம்பு
5.8.1979

அக்கா,

நலம். மறுபடி கப்பல் வேலை. ஞாயிற்றுக்கிழமையும் வேலை. நலம். பிறகு எழுதுகிறேன்.

பெட்ரீசியா


மங்கீஸ் தோட்டம், பீடோர்
2.9.1979

பெட்ரீசியா,

நான்கு வாரமாகக் கடிதம் இல்லை. தோட்ட ஆபீசுக்குத் தபால் வரும் நேரத்தில் தினமும் போய் நிற்கிறேன். தபாலைப் பிரிக்கும் கிராணி என்னைப் பார்த்ததும் இல்லை என்று தலையை ஆட்டிவிடுகிறார்.

வியாழக்கிழமை அவர் காலைப் பிடித்துக் கம்பெனிக்குப் போன் போட வைத்தோம். உன் மச்சான் பேசினார். "லைன்ல நிக்கிறாங்க, கூப்பிட முடியாது" என்றாளாம் ஒரு பெண். பிறகு, "உங்க சம்சாரம் காலமானதுக்கு ரொம்ப வருத்தம்" என்றாளாம். உன் மச்சானுக்கு என்ன சொல்வதென்று தெரியாமல் தேங்க் யூ சொல்லிவிட்டார்.

நான் பஸ் ஏறி வந்துவிடுவேன். வந்தால் உன் வேலை போகும் என்று கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறேன். உயிரோடு இருக்கிறேன் என்று நீ ஒரு வரி போடு.

ரோசம்மா


மெங்லெம்பு, ஈப்போ
9.9.1979

மதிப்பிற்குரிய பாஸ்கல் அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

என் பெயர் நவமணி. பெட்ரீசியா அக்கா லைனில் தைக்கிறேன். முதலில் உங்கள் மனைவி இறந்ததற்கு என் அனுதாபம். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் இதை எழுத நேர்ந்ததற்கு மன்னிக்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை அக்கா லைனில் நின்றபடியே கீழே விழுந்துவிட்டார். காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். யாருக்குச் சொல்வது என்று ஆபீசில் பாரத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அதுவும் இறந்தவர் என்று அடிக்கப்பட்டிருந்தது. அதனால் யாருக்கும் சொல்லவில்லை. நேற்று ஆபீஸ் தட்டில் அக்காவுக்கு வந்த கடிதம் பிரிக்காமல் கிடந்தது. பின்னால் இருந்த உங்கள் பெயரைப் பார்த்து எழுதுகிறேன்.

அண்ணே, இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. காய்ச்சலில் அவர், "அக்கா, அக்கா" என்று உங்கள் மனைவியைத்தான் கூப்பிடுகிறார். வாசலைப் பார்த்துக் கூப்பிடுகிறார். இறந்துபோனவரை இப்படிக் கூப்பிடுவது நல்லதில்லை என்று வார்டில் இருக்கும் பாட்டிமார்கள் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
நவமணி


ஈப்போ
14.9.1979

அன்புள்ள உங்களுக்கு ரோசம்மா எழுதுவது. நான் சுகம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். கருவாடு மேல் தட்டில் இருக்கிறது.

அவள் பிழைத்துக்கொண்டாள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை வார்டுக்குள் போனபோது கட்டில் பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். "நீங்க யாரு?" என்றாள். அவளுடைய அக்கா என்றேன். "எந்த அக்கா?" என்றாள். "ஒரே அக்காதான்" என்றேன். அவள் கையிலிருந்த பிளாஸ்க் விழுந்து உடைந்தது. அவள்தான் நவமணி.

நம் பெட்ரீசியா பாதியாக இளைத்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு விரல்களால் போர்வையின் ஓரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். காலரை ஊசிக்குக் கொடுக்கிறாள் என்று நவமணி சொன்னாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "மன்னிச்சிரு அக்கா, பூசையில நானும் இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். பிறகு என் கையை விடாமல் தூங்கிவிட்டாள். சிறுநீரகத்தில் சீழ் பிடித்திருக்கிறதாம். "தண்ணியே குடிக்க மாட்டாங்களா இவங்க? இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா கஷ்டம்மா" என்றாள் ஊசி போட வந்த மிஸி.

சாயங்காலம் டொமினிக் வந்தார். ஜெபமாலையோடு வந்த மனிதர், நான் யார் என்று நவமணி சொன்னதும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். ஜெபமாலையைப் பையில் போட்டுக்கொண்டு, "அப்ப நான் குடுத்த பூச?" என்றார். "வீணாப் போகாதுண்ணே, என்னைக்காவது சாகத்தானே போறேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார். "ஆபீசுக்குத் தெரிஞ்சா அவ கத முடிஞ்சதுலா. நானும் நவமணியும் வாயத் தொறக்க மாட்டோம். டிசம்பர்ல என் நாற்காலி அவளுக்குத்தான். ஆனா பேப்பர்ல நீங்க அப்படியே இருக்கணும். அதுக்கப்புறமும்தான். சூப்பர்வைசரா ஆனப்புறம் பொய்னு தெரிஞ்சா இன்னும் மோசம்." நல்ல மனிதர். அவளுக்காகத்தான் சொன்னார்.

அவள் கேட்டதற்குத் தலையாட்டியவள் நான். ஜூலை மாதமே வந்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டில் இல்லை. எனக்கும் அந்த நாற்காலி மேல் ஆசை இருந்தது. அதை நினைத்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

டாக்டர் விட்டதும் கூட்டிக்கொண்டு வருகிறேன். முன் அறையில் படுக்கையைப் போட்டு வையுங்கள். வந்த பிறகு அவளிடம் நாற்காலியைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்க வேண்டாம். நானும் கேட்க மாட்டேன்.

ரோசம்மா


மெங்லெம்பு, ஈப்போ
25.11.1979

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும்,

நலம். இந்த முறை ஒரே தடவைதான் எழுதுகிறேன், நிஜம் என்பதால். நீங்களும் நலம்தானே?

அங்கே இருந்த ஆறு வாரமும் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைகளோடு என்னையும் உட்கார வைத்துக் கஞ்சி ஊற்றினாய். கேட்டிருந்தால் உன்னோடு சண்டை போட்டிருப்பேன். நீ கேட்காததால் நானே என்னோடு சண்டை போட வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த மறுநாள் ஆபீசில் கூப்பிட்டார்கள். நீண்ட நாள் லீவில் இருந்தவர்களுக்குப் புதுப் பாரம் எழுத வேண்டுமாம். அவசரத்துக்கு யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இடம் வந்ததும், அங்கே எழுதுகிற பெண், "யாருமில்லன்னு போட்டுறவா?" என்று கேட்டாள். மிஸ்டர் டொமினிக் கதவுப் பக்கத்தில் நின்றார். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று சொன்னால் போதும், நாற்காலி எனக்கு.

எனக்கு அந்தக் கட்டில் நினைவுக்கு வந்தது. வாசலைப் பார்த்து உன்னைக் கூப்பிட்டது எனக்கும் கொஞ்சம் நினைவு இருக்கிறது. கூப்பிட்டால் யாரும் வர முடியாதபடி நானேதான் செய்து வைத்திருந்தேன். பேனாவை வாங்கி உன் பெயரை எழுதினேன்.

"இவங்க இறந்தவங்களாச்சே?" என்றாள்.

"இல்ல, இருக்காங்க. நான் பொய் சொன்னேன்."

மேனேஜர் அறையில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். லைன் லீடர் பட்டையைக் கழற்றி மேசையில் வைக்கச் சொன்னார்கள். நாற்காலி இன்னொரு பெயருக்குப் போய்விட்டது. இப்போது நவமணிக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து காலர் தைக்கிறேன். அன்றைக்குக் கழிவறையில் நின்று அழுதேன். ஐந்து வருடம், அக்கா. அந்த நாற்காலியை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. என்றைக்காவது வேறு எங்காவது அப்படி ஒன்றில் உட்காருவேன். அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டே உட்காருவேன்.

மூன்று நாள் மிஸ்டர் டொமினிக் என் பக்கம் திரும்பவில்லை. நான்காம் நாள் எங்கள் லைன் தூணில் ஆணி அடித்து இன்னொரு கழிவறை அட்டையை மாட்டினார்.

கரும்பலகை எண் தெளிவாகப் படிக்க முடிகிறது. சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அதற்கு முன் எனக்கு ஒரு கடிதம் போடு. உறையின் பின்னால் உன் பெயரையே எழுது.

உன் தங்கை,
பெட்ரீசியா


சேசு மரி சூசை துணை

மங்கீஸ் தோட்டம், பீடோர்
27.11.1979

அன்புத் தங்கைக்கு, உயிரோடு இருக்கும் அக்கா எழுதுவது. சுகம், சுகம், சுகம். இதை மூன்று தடவை சொல்ல எனக்கு உரிமை உண்டு.

கடிதத்தைப் படித்துவிட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். உனக்குப் போன நாற்காலிக்காகவும்தான் அழுதேன், மறைக்கவில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பால் கலக்கினேன். சவரியம்மா சின்னம்மாவுக்கும் சேதி அனுப்பிவிட்டேன். அவர் சொன்ன செபத்தைத் திருப்பிக் கேட்கிறாராம்.

உறையின் பின்னால் என் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். ஆபீசில் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

சனிக்கிழமை உன் மச்சான் முதல் பஸ்ஸிலிருந்தே சைக்கிளோடு நிற்பார். எந்த பஸ்ஸில் வந்தாலும் சரி. வந்ததும் படுத்துத் தூங்கு. நாங்கள் யாரும் எழுப்ப மாட்டோம்.

உன் அக்கா,
ரோசம்மா